தொப்பி போட்ட சபை

மார்ச் 9, வியாழன். இன்று செய்த பிழை: வகுப்பில் போதகர் ஒரு கேள்வி கேட்டார், நான் வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அவர் கேட்டது உவமையைப் பற்றி. நான் சொன்னது ஓட்டல் கதவைப் பற்றி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

இப்படி எழுதிப் பேனாவை மூடியவள், மறுபடி திறந்து, "தாமதமாக" என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டாள். பக்கத்தின் அடியில், "மற்றவர்கள் நிறுத்திய பிறகு" என்று விளக்கமும் எழுதினாள். இந்தப் பழக்கத்தால்தான் மாலை வகுப்பில் அவளுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கூப்பிட ஆளில்லாமல் அது ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவில் தூங்கிக்கொண்டிருந்தது.

பகலில் அவளுக்கு ஏரிக்கரை ஓட்டலின் துணி அறையில் வேலை. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துண்டுகளையும் மடித்து அடுக்க வேண்டும். மாலையில் போதகர் வீட்டுக் கூடத்தில் இறையியல் வகுப்பு. வேலை முடித்து வருகிறவர்களுக்கான வகுப்பு என்பதால் பாதிப் பேர் கொட்டாவியோடுதான் வருவார்கள். கொட்டாவிக்கும் பக்திக்கும் வாய் திறப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று போதகர் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்.

ஓட்டல் வருவதற்கு முன்னால் அந்தக் கரை முழுக்க அவளுடைய ஆட்களுடையது. கரைக்காரர்கள் என்று பேர். ஏரிக்கு முதலில் வந்தது யார் என்று கேட்டால், "தண்ணி முதல்ல வந்துச்சு, அடுத்து நாங்க" என்பார்கள். ஓட்டல் வந்ததும் வீடுகள் சாலைக்குப் பின்னால் போயின. மேட்டில் இருந்த சின்ன ஆலயத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். பக்தியால் அல்ல, படத்தில் அழகாக விழுந்ததால். ஆனால் ஆலயத்துக்குப் போகும் பாதை ஓட்டலின் பூந்தோட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. தோட்டத்துக்குக் கதவு போட்டார்கள், கதவுக்குப் பூட்டு போட்டார்கள், பூட்டுக்குப் பக்கத்தில் "விருந்தினர் மட்டும்" என்று பலகை போட்டார்கள். கரைக்காரர்கள் கல்லுடைக்கும் குழியைச் சுற்றி, செங்குத்தான சரிவில் ஏறித்தான் இப்போது ஆராதனைக்குப் போக வேண்டும்.

அந்தச் சரிவு அவளுடைய அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. கதவு போட்ட நாளிலிருந்து அம்மா ஆலயத்துக்குப் போகவில்லை.

இது அம்மாவோடு முடிகிற துக்கமாகவும் இல்லை. அந்தச் சபையில் இசைக்கருவி கிடையாது. அம்மாவின் தொண்டைதான் இசைக்கருவி. பாட்டின் முதல் அடியை அவள் எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவள் இல்லாத ஞாயிறுகளில் ஆளாளுக்கு ஒரு சுருதியில் ஆரம்பித்தார்கள். மூன்றாம் அடிக்குள் பெண்கள் கீச்சிட்டார்கள், ஆண்கள் கைவிட்டார்கள், போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபிக்கிறார் என்று சபை நினைத்தது. அவர் சகித்துக்கொண்டிருந்தார். அம்மாவோ ஞாயிறு தவறாமல் சேலை மாற்றி, தலை வாரி, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மேட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அடிக்குறிப்பு திரும்பி வரும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கு எவ்ளோ மேல எடுத்தாங்க?"

"ரொம்ப மேலம்மா. கூரைல இருந்த புறா எல்லாம் எழுந்து போயிடுச்சு."

அம்மா சிரிப்பாள். பிறகு சேலையை மாற்ற உள்ளே போவாள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வந்தது அடிக்குறிப்புக்குத் தெரிந்தது. போன ஞாயிறு அம்மா சேலை மாற்றவே இல்லை.

சபையார் ஓட்டல் மேலாளரிடம் போய்க் கேட்காமல் இல்லை. மேலாளர் நல்ல சிரிப்புள்ள மனிதர். எதைச் சொன்னாலும் அதில் "அனுபவம்" என்ற சொல்லைக் கறிவேப்பிலை மாதிரி போடுவார். பாதையைத் திறக்க முடியாது, அது விருந்தினரின் அனுபவத்தைக் கெடுக்கும் என்றார். பிறகு யோசித்து ஒரு பெரிய பெட்டியை அனுப்பிவைத்தார். உள்ளே இலை ஒட்டிய பாவாடைகள், இறகு குத்திய தலைப்பட்டைகள். இவற்றைப் போட்டுக்கொண்டு வரிசையாக நடந்தால் ஞாயிறுதோறும் பாதையில் விடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

துணி அறையில் சலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அத்தை, மாலை வகுப்பில் முதல் வரிசைக்காரி, ஒரு தலைப்பட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன பறவை? நம்ம ஏரியில இப்படி ஒரு கோழி கூட இல்லையே."

"பிளாஸ்டிக் அத்தை."

"அதான பாத்தேன். இதைப் போட்டுக்கிட்டு பரலோகம் போனா, வாசல்லயே வேற ஊருன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

பெட்டி திரும்பிப் போனது. அந்த மாதத்து வகுப்புப் பாடத்தைப் போதகர் அதற்குப் பிறகுதான் மாற்றினார். சுற்றுலா வந்து நம் மக்களை ஓரங்கட்டுகிறது, அதற்கு விசுவாசத்தின் பதில் என்ன? கட்டுரை வேண்டாம், செய்யக்கூடிய பதிலாகச் சொல்லுங்கள் என்றார். வகுப்பு உடனே இரண்டாகப் பிளந்தது. ஒரு கட்சி உபசரிப்புக் கட்சி. மரத்தடியில் வழிப்போக்கர்களை உட்காரவைத்துச் சோறு போட்ட வேதாகமத்து முற்பிதாவைச் சுட்டிக்காட்டி, வருகிறவர்களை அன்பாலேயே வெல்ல வேண்டும் என்றது. இன்னொரு கட்சி அத்தையின் தலைமையிலான சாட்டைக் கட்சி. ஆலயத்தில் கடை விரித்தவர்களை ஆண்டவர் சாட்டையெடுத்து விரட்டிய சம்பவம்தான் அவர்களுக்கு ஆதாரம்.

"வியாக்கியானம் எல்லாம் அப்புறம் ஐயா. சாட்டை எந்தக் கடையில கிடைக்கும், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் அத்தை.

சண்டையை அமர்த்தத்தான் அந்த வியாழக்கிழமை போதகர், அந்நியனை வீட்டில் சேர்த்துக்கொள்வதைப் பற்றிய உவமையை எடுத்தார். "இதுல அந்நியன் யாரு?" என்று கேட்டார். விருந்தினர் என்ற பதிலை எதிர்பார்த்து அவர் தலையை முன்கூட்டியே ஆட்டவும் தொடங்கிவிட்டார். அடிக்குறிப்போ அன்று காலை ஓட்டல் கதவில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்கதான் ஐயா. காலையில கூட ஓட்டல் கேட்டுல பேர், ஊர், யாரைப் பாக்கணும் எல்லாம் கேட்டுத்தான் உள்ள விட்டாங்க."

கேட்டவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. ஓட்டலின் காவலாளி. "சித்தப்பா, நான்தான்" என்று அவள் சொன்னதற்கு, "சீருடை போட்டுட்டா நான் யாருக்கும் சித்தப்பா இல்ல. ஊரு சொல்லு" என்றிருக்கிறார். வகுப்பு சிரித்ததில் கூடத்தின் விளக்கே ஆடியது.

அந்தப் பிழை அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாள் துண்டுகளை மடித்துக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருவேளை அது பிழையே இல்லையோ? அந்நியர் நாம் என்றால், நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர் யார்? அந்நியரைச் சேர்த்துக்கொள்வதையே தொழிலாக வைத்திருப்பது யார்? இந்த இடத்தில் அவள் கை நின்றது. எதிர்ச் சுவரில், ஊழியர்களுக்கான அறிவிப்புப் பலகையில், யாரும் படிக்காமல் மங்கிப்போன ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு ஊழியரும் வருடத்தில் ஒரு நாள் தம் குடும்பத்தாரோடு ஓட்டலுக்கு விருந்தினராக வரலாம். மற்ற விருந்தினருக்கு உண்டானதெல்லாம் அவர்களுக்கும் உண்டு.

அடுத்த வகுப்பில் அவள் எழுந்து நின்று, ஒரே ஞாயிறில் சபை முழுவதும் விருந்தினராகப் போகலாம் என்று சொல்லி முடிக்க நீண்ட நேரம் பிடித்தது. காரணம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, "இது என் கருத்து மட்டும்தான்" என்று சேர்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் மோவாயைத் தடவினார். "இதுல பொய் ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க ஐயா. விதிப்படிதான். நம்ம சபையில பாதிப் பேர் அங்கதான் வேலை செய்யறாங்க. மீதிப் பேர் அவங்க குடும்பம்."

"நான் யாரு குடும்பம்?"

"நீங்க எனக்குக் கொழுந்தன் முறை. மறந்துட்டீங்களா? கல்யாணத்துக்கு வந்து ரெண்டு தடவை சாப்பிட்டீங்களே" என்றாள் அத்தை.

உபசரிப்புக் கட்சிக்கும் இது பிடித்தது, சாட்டைக் கட்சிக்கும் பிடித்தது. அதனாலேயே அடிக்குறிப்புக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு கட்சிக்கும் பிடிக்கிற திட்டத்தில் ஏதோ ஓட்டை இருக்க வேண்டும். அதைத் தேடித் தேடிப் பார்த்தாள். தொப்பி யார் யாருக்கு, கறுப்புக் கண்ணாடி யாரிடம் வாங்குவது, தண்ணீர்க் குப்பி, பூப்போட்ட சட்டை எல்லாவற்றையும் சரிபார்த்தாள். விருந்தாளியாக நடிக்க வேண்டாம், விருந்தாளியாகவே இருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னாள். ஒரே ஒருவரிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. அவளுடைய அண்ணன். ஓட்டலில் சுற்றிக்காட்டும் வழிகாட்டி அவன். பட்டப்பெயர் வானொலி. காதில் விழுந்ததை வாய் வழியாக விடாமல் அவனால் இருக்க முடியாது.

ஞாயிறு காலையில் அம்மா மடிப்புக் கலையாத சேலையின் மேல் ஒரு பெரிய வெயில் தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் விருந்தினர் பட்டை கட்டிக்கொண்டு பூந்தோட்டக் கதவின் முன் நின்றாள். விருந்தினரைக் கைகூப்பி வரவேற்பது காவலாளியின் கடமை.

"வாங்க அண்ணி" என்று ஆரம்பித்த சித்தப்பா திடுக்கிட்டு, "வருக, வருக, மேடம்" என்று மாற்றிக்கொண்டார்.

"ஊரு சொல்லட்டுமாப்பா?"

"வேண்டாம் மேடம். விருந்தினரை நாங்க கேக்கறதில்ல."

"நல்ல வழக்கம்" என்று சொல்லி அம்மா விருந்தினரை மேட்டுக்கு ஏற்றிப்போகும் பேட்டரி வண்டியின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலுக்கு ஒரு நோவும் இல்லை. பின்னால் அத்தை, போதகர், துணி அறை, சமையலறை, தோட்டம் என்று மொத்தச் சபையும் தொப்பியோடு நடந்தது. நடுவில் நிஜமான விருந்தினர் சிலர். அவர்களில் ஒட்டகச்சிவிங்கிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு நெட்டைக்காரர், கழுத்தில் பெரிய கேமராவோடு வந்தார்.

வானொலி கையில் ஒலிபெருக்கியோடு முன்னால் நடந்தான். திரும்பிப் பார்க்காமலே பேசுவது அவன் பழக்கம். "பழங்குடி ஆலய நடைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம். இந்த மக்கள், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள்" என்றான்.

அத்தை அப்போது போதகரை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, கைப்பேசியில் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றாள் அம்மா. "இங்க இருக்கறவங்க என்ன சாப்பிடுவாங்க?"

அந்தக் குரலில் வானொலி சட்டென்று திரும்பினான். தொப்பியைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடிக்குக் கீழே தனக்குப் பால் கொடுத்த முகத்தைப் பார்த்தான். நெட்டைக்காரர் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார். மேலாளர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் அவன் நாவில் வரவில்லை.

"காட்டுக் கிழங்கு... அப்புறம்... ஏரிப்பாசி."

"பாசியா? நேத்து சாயங்காலம் மூணாவது தடவை தட்டை நீட்டினியே, அது பாசியா?"

"உங்களுக்கு இவரை முன்னாலயே தெரியுமா?" என்றார் நெட்டைக்காரர்.

"பாத்த முகமா இருக்கு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வானொலி ஆலயம் வரைக்கும் மரங்களைப் பற்றி மட்டும் பேசினான். அவை மறுத்துப் பேசாது.

மேட்டின் உச்சியில்தான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. ஆலயக் கதவு பூட்டியிருந்தது. எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். விருந்தினர் வரிசையில் நல்ல விருந்தினராக, யாராவது வந்து திறப்பார்கள் என்று காத்திருந்தார்கள். காற்று அடித்தது. ஒரு தொப்பி பறந்தது. யாரும் வரவில்லை. வருவதற்கு ஆள் இல்லை. ஆலயத்தைத் திறக்கிறவரும், பெருக்குகிறவரும், மணி அடிக்கிறவரும், பாடுகிறவரும் எல்லோரும் தொப்பி போட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.  விருந்தாளியாக ஊரையே சேர்த்த அடிக்குறிப்பு, வரவேற்க ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

"ஐயா, சாவி?" என்று போதகரின் காதில் கேட்டாள்.

"என்கிட்டதான் இருக்கு. ஆனா விருந்தாளியாவே இருங்கன்னு நீதானம்மா சொன்னே?"

நெட்டைக்காரர் பொறுமை இழந்தார். "பழங்குடி ஆராதனைன்னு படம் போட்டிருந்தாங்க. பழங்குடிங்க எங்க?"

"வந்துகிட்டே இருக்காங்க சார்" என்றான் வானொலி, தன் குடும்பம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து.

நெட்டைக்காரர் வரவேற்பறைக்குப் போன் செய்தார். சற்று நேரத்தில் மேலாளர் மூச்சிரைக்க மேடேறி வந்தார். தொப்பிகளின் அடியில் ஒவ்வொரு முகமாகக் கண்டுகொண்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்கல்லாம் இங்க என்ன பண்றீங்க? உள்ள போய்ப் பாடுங்க! விருந்தினர் காத்துக்கிட்டு இருக்காங்க!"

அத்தை கையை உயர்த்திப் பட்டையைக் காட்டினாள். "நாங்களும் விருந்தினர்தான் சார். விருந்தினரை வேலை வாங்கறது உங்க ஓட்டல்ல வழக்கமா? அனுபவம் கெடுதே."

மேலாளர் பட்டைகளைப் பார்த்தார். அவருடைய அலுவலகமே கொடுத்த பட்டைகள். நெட்டைக்காரர் ஒன்றும் புரியாமல், பக்கத்தில் இருந்த அடிக்குறிப்பிடம் கேட்டார். "இந்த ஆலயத்துக்கு ஆளுங்க ஏன் வரதில்ல?"

வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு அவள் மூன்று விளக்கங்களும் ஒரு மன்னிப்பும் சேர்த்துத்தான் பதில் சொல்வாள். அன்று அம்மா வண்டியிலிருந்து இறங்கி, பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்து நின்றதைப் பார்த்தாள். மன்னிப்பு மறந்துவிட்டது.

"நாம இப்ப வந்த வழியில அவங்க வரக் கூடாது சார். அது விருந்தினருக்கு மட்டும். அவங்க இங்கயே இருக்கறவங்க."

நெட்டைக்காரர் கதவைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். உயரத்திலிருந்து பார்த்ததால் அந்தப் பார்வை கனமாக விழுந்தது. "வழியை அடைச்சுட்டு, ஆளைப் பாக்கறதுக்கு எங்களைக் கூட்டிட்டு வர்றீங்களா?"

"அது வந்து சார், ஒரு அனுபவம்..."

"எனக்கு ஒரு குறை இருக்கு" என்றாள் அம்மா. "விருந்தினர் குறை சொன்னா அன்னைக்கே சரி பண்ணுவோம்னு வாசல்ல எழுதி வச்சிருக்கீங்க. தோட்டத்துக் கதவை ஞாயித்துக்கிழமை கரைக்காரங்களுக்குத் திறந்து விடணும். இறகு இல்லாம."

"என் குறையும் அதேதான்" என்றார் நெட்டைக்காரர்.

"எனக்கும்" என்றது தொப்பிக் கூட்டம்.

தன் வாசகத்தைத் தானே எழுதி மாட்டிய மனிதர் என்ன செய்வார்? மேலாளர் இடுப்பு வளையத்திலிருந்து தோட்டக் கதவின் சாவியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். "ஞாயிறு மட்டும். நாளைக்குச் சாயங்காலம் இந்தச் சாவி எனக்குத் திரும்ப வரணும்."

"ஞாயிறு, அப்புறம் கல்யாணம், அடக்கம்" என்றாள் அம்மா.

"செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம்" என்றாள் அத்தை.

"முதல்ல ஞாயிறும்மா, முதல்ல ஞாயிறு" என்று மேலாளர் கைகூப்பினார். அது வரவேற்பா, விண்ணப்பமா என்று சொல்ல முடியவில்லை.

போதகர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். பூப்போட்ட சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, திரும்பி நின்று, "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். வாசலில் தொப்பிகள் குவிந்தன. நெட்டைக்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். "கேமராவை மூடிட்டு உக்காருங்க, தம்பி" என்று அத்தை அவரைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். உபசரிப்புக் கட்சிக்கே அவ்வளவு அன்பாக வந்திருக்காது.

அம்மா தன் பழைய இடத்தில் போய் நின்றாள். சபை மூச்சை அடக்கியது. இத்தனை வாரத்து ஏக்கத்தையும் சேர்த்து அவள் முதல் அடியை எடுத்தாள். மிகவும் கீழே எடுத்துவிட்டாள். வீட்டு வாசலில் தனியாக முணுமுணுத்துப் பழகியதால் சுருதி கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. பெண்கள் அதைத் தேடிக் குனிந்தார்கள், ஆண்கள் தடுமாறினார்கள். சரியாகப் பிடித்தவர் ஒருவர்தான். பாட்டே தெரியாத நெட்டைக்காரர், கடைசி இருக்கைவரை அதிரும் குரலில், "ம்ம்ம்" என்று கூடவே போனார். போதகர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை சகித்துக்கொள்ள அல்ல, சிரிப்பை அடக்க. ஒலிபெருக்கியை அணைக்க வானொலி மறந்திருந்ததால், முழு ஆராதனையும் கீழே ஓட்டலின் காலை உணவுக் கூடத்தில் கேட்டது. அங்கே சிலர் எழுந்து நின்றார்களாம். சிலர் விழுந்த கரண்டியைத் தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்தார்களாம்.

இறங்கி வரும்போது அடிக்குறிப்பு போதகரோடு நடந்தாள். முன்னால் அம்மா பேட்டரி வண்டியில் உட்கார்ந்து, கடந்து போகிற ஒவ்வொரு பூச்செடியையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு போனாள்.

"ஐயா, ஊர்க்காரங்களா எத்தனையோ தடவை கேட்டோம், கேக்கலை. விருந்தாளியா ஒரு தடவை கேட்டோம், சாவி வந்துருச்சு. அப்போ அவங்க நம்மளைச் சேத்துக்கிட்டாங்களா, இல்ல தொப்பியைச் சேத்துக்கிட்டாங்களா?"

போதகர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "தெரியலம்மா. அடுத்த வாரம் தொப்பி இல்லாம வந்து பாப்போம். அப்ப தெரியும்."

"இது இறையியல் பதிலா ஐயா? கட்சி கட்டிக் குறும்பு பண்ண மாதிரி இருக்கு."

"அதையும் அடியில எழுதி வை."

வீட்டுக்கு வந்ததும் அவள் எழுதினாள்.

மார்ச் 26, ஞாயிறு. அம்மா ஆலயத்துக்குப் போனாள். சுருதி கீழே. மதியம் முழுக்க அதைப் பற்றியே சண்டை போட்டோம். அம்மா, சபைதான் மேலே போய்விட்டது என்கிறாள். வகுப்பில் நான் சொன்ன பதில் சரியா என்று தெரியவில்லை. அண்ணன் யாருடனும் பேசவில்லை. சாப்பிட மட்டும் வந்தான்.

நாளை: சாவி மேலாளரிடம் திரும்பப் போவதற்குள், அவரிடம் சொல்லிவிட்டு, பூட்டுக் கடையில் அதற்கு இரண்டு நகல் எடுக்க வேண்டும். ஒன்று சபைக்கு. ஒன்று அம்மாவுக்கு.